நகர பரிபாலனமும் பாதாளச் சாக்கடையும்

ஒரு நகரத்தின் பெருமையைச் சொல்ல வருகிறவர்கள் அதன் அகன்ற வீதிகளையும், உயர்ந்த கட்டிடங்களையும், பூங்காக்களையும், விளக்கு வரிசைகளையும் எடுத்துச் சொல்வது வழக்கம். அந்நகரத்தின் சாக்கடையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதைப் பேசுவது மரியாதைக் குறைவு என்ற எண்ணமும் நம்மிடையே உண்டு. ஆயினும் அந்தச் சாக்கடை ஒரு நாள் தன் வேலையை நிறுத்திவிட்டால் வீதியும் கட்டிடமும் பூங்காவும் என்ன கதிக்கு ஆளாகும் என்பதைச் சற்றே எண்ணிப் பார்த்தால், நகர பரிபாலனத்தின் உயிர்நிலை எங்கே இருக்கிறது என்பது விளங்கிவிடும்.

குழாயைத் திறந்தவுடன் தண்ணீர் வருகிறது. வராவிட்டால் நகராட்சியைக் கேட்கிறோம். பயன்படுத்திய தண்ணீர் தொட்டி முற்றத்தின் ஓட்டை வழியே மறைகிறது. அது எங்கே போகிறது என்று நாம் கேட்பதில்லை. நம் கண்ணுக்கு மறைந்ததும் அது உலகத்தை விட்டே மறைந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் கழிவுநீர் மறைவதே இல்லை. அது யாரோ ஒருவருடைய வாசலுக்குப் போய்ச் சேருகிறது. அந்த ஒருவர் யார், அவர் அதைத் தாங்க வல்லவரா, தாங்குவதற்கு அவருக்கு நாம் என்ன உதவி செய்திருக்கிறோம் என்பவற்றைத் தீர்மானிப்பதே நகராட்சியின் கழிவுநீர் நிர்வாகம் என்று சொல்லலாம்.

முதலில் அளவைக் கவனிப்போம். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஆள் ஒன்றுக்கு நாள்தோறும் 135 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்பது மத்திய அரசாங்கத்தின் பொறியியல் கையேடு வகுத்துள்ள கணக்கு. அதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு கழிவுநீராகத் திரும்பி வரும். ஆகவே பத்து லட்சம் மக்கள் வாழும் ஒரு நகரம் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டருக்கு மேல் கழிவுநீரை வெளியே அனுப்பியாக வேண்டும். இதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் வெறும் தண்ணீர்தான். அழுக்கு என்பது மிகச் சிறிய பங்கே. அந்தச் சிறிய பங்கு எங்கும் தங்கிவிடாமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் பாதாளச் சாக்கடையின் தத்துவம். நொடிக்குச் சுமார் 60 சென்டிமீட்டர் வேகம் இருந்தால் மண்ணும் மலமும் அடியில் படியாமல் அடித்துச் செல்லப்படும். வேகம் குறைந்தால் படிவு சேரும். படிவு சேர்ந்தால் அடைப்பு. அடைப்பு நேர்ந்தால் அழுகல். அழுகினால் நச்சுக் காற்று. ஆகவே தரையின் சாய்வு எப்படி அமைந்திருக்கிறதோ, அப்படியே நகராட்சியின் சிரமமும் அமையும்.

இதை ஓர் உதாரணத்தைக் கொண்டு பார்ப்பது நல்லது. நமது நாட்டின் மிகப் பழைய பாதாளச் சாக்கடைகளுள் ஒன்றை உடைய கொல்கத்தா மாநகரை எடுத்துக்கொள்வோம்.

ஹூக்ளி நதியின் கீழ்க்கரையில் கொல்கத்தா அமைந்திருக்கிறது. நதிக்கரை நகரமாயிற்றே, கழிவுநீரை நதியில் விட்டிருப்பார்கள் என்று நாம் எண்ணக்கூடும். ஆனால் அங்கே தரையின் சாய்வு விசித்திரமானது. நதி தன் வெள்ளத்தில் கொண்டுவந்த வண்டலைக் கரையோரமாகவே குவித்துக் குவித்துக் கரையை மேடாக்கிவிட்டது. அந்த மேட்டிலிருந்து நிலம் நதியை நோக்கிச் சரியாமல் எதிர்த்திசையில், கிழக்கே இருந்த உப்பு ஏரிகளை நோக்கிச் சரிகிறது. இந்த இயற்கைச் சாய்வை அனுசரித்துத்தான் நகரசபையின் பொறியியலாளராயிருந்த வில்லியம் கிளார்க் என்பவர் 1855-இல் ஒரு திட்டம் வகுத்தார். 1859-இல் வேலை தொடங்கிற்று. லண்டன் மாநகரில் பெரிய கழிவுநீர்க் கால்வாய்களின் வேலை தொடங்கியதும் அதே ஆண்டில்தான். கொல்கத்தாவில் 1875-இல் வேலை முடிவுற்றது.

செங்கல்லால் கட்டப்பட்ட அந்தக் கால்வாய்களின் வடிவம் கவனிக்கத் தக்கது. முட்டையை அதன் கூரிய முனை கீழே இருக்குமாறு நிறுத்தி வைத்தாற்போன்ற அமைப்பு. தண்ணீர் குறைவாக வரும் கோடைக் காலத்தில் அது அடியிலுள்ள குறுகிய பகுதியில் மட்டும் ஓடும்; குறுகிய வழியானதால் வேகம் குறையாது. மழைக் காலத்தில் பெருகி வரும் நீருக்கு மேலே அகன்ற இடம் இருக்கும். வீட்டுக் கழிவுநீரும் மழைநீரும் ஒரே கால்வாயில் செல்லும் ஏற்பாடு அது. ஆள் குனிந்து நடக்கக்கூடிய பெரிய கால்வாய்களும் அவற்றுள் உண்டு. நூற்று ஐம்பது ஆண்டுகளாகியும் அவற்றுள் பல இன்றும் வேலை செய்கின்றன. வண்டல் அடைத்தும் செங்கல் தேய்ந்தும் போன பகுதிகளை 2000-ஆம் ஆண்டுக்குப் பின்னர் சுத்தம் செய்து, உட்புறத்தில் கண்ணாடி இழை கலந்த உறை பொருத்திப் பலப்படுத்தும் வேலை நடைபெற்றது.

கட்டி முடித்த அளவில் நகராட்சியின் கடமை முடிந்துவிடுவதில்லை. உண்மையில் அப்போதுதான் தொடங்குகிறது. கொல்கத்தா மாநகராட்சியில் 144 வார்டுகள். மேயரின் குழுவில் கழிவுநீருக்கும் வடிகாலுக்கும் என்று ஓர் உறுப்பினர் பொறுப்பேற்கிறார். தெருவோரத்து மழைநீர்க் குழிகளில் சேரும் குப்பையையும் மண்ணையும் எடுப்பது முதல் வேலை. கால்வாய்களில் படியும் வண்டலை இயந்திரங்களைக் கொண்டு உறிஞ்சி அகற்றுவது இரண்டாவது. தட்டையான பூமியில் சாய்வு மட்டும் போதாதாகையால், தாழ்ந்து வந்து சேர்ந்த நீரைப் பம்புகளால் மேலே ஏற்றி வெளிக் கால்வாய்களில் விடுவது மூன்றாவது. பாமர்ஸ் பிரிட்ஜ், பாலிகஞ்ச் போன்ற இடங்களிலுள்ள நீரேற்று நிலையங்கள் இதைச் செய்கின்றன. அங்கே நள்ளிரவில் பம்பின் ஓசையைக் கேட்டுக்கொண்டு விழித்திருக்கும் ஊழியரை நகரத்தில் யாருக்கும் தெரியாது. அவர் அயர்ந்துவிட்டால் மட்டும் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

மழைக் காலத்தில் இந்த வேலை ஒரு போராட்டமாகவே ஆகிவிடுகிறது. கிளார்க்கின் கால்வாய்கள் மணிக்குக் கால் அங்குலம், அதாவது சுமார் 6 மில்லிமீட்டர் மழையை எண்ணி அமைக்கப்பட்டவை. அன்று குளமாகவும் தோட்டமாகவும் இருந்த இடங்களெல்லாம் இன்று கட்டிடங்களாகிவிட்டன. மண்ணுக்குள் இறங்கிய நீரும் இப்போது கால்வாயைத் தேடி வருகிறது. இது போதாதென்று ஹூக்ளியில் கடலேற்றம் வரும் வேளைகளில், நதியின் நீர் நகருக்குள் புகாதபடி கரையோர மதகுகளை மூடி வைக்க வேண்டியிருக்கிறது. மேலே மழை, வெளியே ஏற்றம், உள்ளே தேக்கம் என்ற நிலை அப்போது உண்டாகிறது. 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் தேதி விடியுமுன் நவராத்திரிக் காலத்தில் பெய்த பெருமழையை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரே நாளில் சுமார் 250 மில்லிமீட்டர் மழை கொட்டியது. தெருவில் தேங்கிய நீரில் மின்சாரம் பாய்ந்து பலர் மாண்டனர். பழைய கணக்கைக் கொண்டு புதிய வானத்தைச் சமாளிக்க இயலாது என்பதை அந்த இரவு காட்டிற்று.

இனி, பம்பு நிலையங்களைக் கடந்து கிழக்கே சென்ற நீரின் கதையைக் கேட்போம். கதையின் சுவையான பகுதி இதுதான்.

தொடக்கத்தில் அந்த நீர் வித்யாதரி என்ற நதியைச் சேர்ந்து கடல் நோக்கிச் சென்றது. நாளடைவில் வித்யாதரியில் வண்டல் நிறைந்து ஓட்டம் நின்றுபோயிற்று. 1928-இல் அந்நதி இறந்துவிட்டதாக அரசாங்கமே அறிவித்தது. நகரத்தின் கழிவுநீருக்கு வழியில்லாமற் போன அந்தச் சமயத்தில், மாநகராட்சியின் பொறியியலாளர் பி. என். தே என்பவர் கிழக்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள குல்டி நதிவரை கால்வாய் வெட்டும் திட்டத்தை வகுத்தார். வறண்ட காலத்துக் கழிவுநீருக்கு ஒரு கால்வாய், மழை வெள்ளத்துக்கு மற்றொரு கால்வாய் என்று இரண்டு கால்வாய்கள். 1940-களில் அவை பயனுக்கு வந்தன.

இதனிடையே மற்றொரு காரியமும் நடந்திருந்தது. கடல்நீர் வருவது நின்றுபோன உப்பு ஏரிகளில் முன்போல் மீன் பிழைக்கவில்லை. அங்கிருந்த மீன்பண்ணைக்காரர்கள், 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில், பக்கத்தில் ஓடிய நகரத்துக் கழிவுநீரை அளவோடு தம் குளங்களில் பாய்ச்சிப் பார்த்தார்கள். மீன் வளர்ந்தது, நன்றாகவே வளர்ந்தது. வங்காளத்தில் ‘பேரி’ என்று வழங்கும் அந்தக் குளங்கள் ஆழமற்றவை. ஆள் நின்றால் பெரும்பாலும் இடுப்பளவு, மார்பளவுதான் இருக்கும். ஆழமில்லாததால் வெயில் அடிவரை இறங்குகிறது. வெயிலில் பாசி தழைக்கிறது. பாசி வெளியிடும் பிராணவாயுவைக் கொண்டு நுண்ணுயிர்கள் அழுக்கைச் சிதைக்கின்றன. பாசி பெருகிக் குளத்தையே மூடிவிடாதபடி மீன் அதைத் தின்கிறது. ஓரத்தில் வளர்க்கப்படும் ஆகாயத்தாமரை அலையைத் தடுத்துக் கரையைக் காக்கிறது. எண்ணெய்ப் பசையையும் உலோகங்களையும் ஓரளவு உறிஞ்சிக்கொள்கிறது. கழிவுநீரை விட்டவுடன் மீன் விடுவதில்லை. சில வாரங்கள் காத்திருந்து, நீரின் நிறத்தையும் மணத்தையும் பார்த்துத் தெளிந்த பிறகே விடுகிறார்கள். இந்தப் பக்குவத்தை அவர்கள் எந்தக் கல்லூரியிலும் கற்கவில்லை.

ரோகு, கட்லா, மிருகால் முதலிய மீன்கள் ஆண்டொன்றுக்குப் பத்தாயிரம் டன்னுக்குக் குறையாமல் இக்குளங்களிலிருந்து நகரத்துச் சந்தைக்கு வருகின்றன. மீன் உண்ணாதவர்கள் தமக்கு இதில் சம்பந்தமில்லை என்று ஒதுங்கிவிட முடியாது. லேக் மார்க்கெட் பக்கத்தில் குடியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்கள் கூட்டுக்கும் பொரியலுக்கும் வாங்கும் காலிஃபிளவரும் கீரையும், தாபா என்ற இடத்தில் நகரத்துக் குப்பையிட்டு, கழிவுநீர் பாய்ச்சி விளைந்தவையாக இருக்கக்கூடும். நகரத்தின் மையப் பகுதியிலிருந்து வரும் கழிவுநீரில் பெரும்பகுதி இவ்வாறு, கோடிக்கணக்கில் செலவாகும் சுத்திகரிப்பு நிலையம் எதுவும் இல்லாமலே, வெயிலாலும் பாசியாலும் மனித உழைப்பாலும் சுத்தமாகிறது.

இந்த உண்மையை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் துருவஜ்யோதி கோஷ் என்ற அரசாங்கப் பொறியியலாளர். 1980-களின் தொடக்கத்தில், நகரத்தின் கழிவுநீர் எங்கே போகிறது என்று அதைப் பின்பற்றியே நடந்து சென்று கண்டவர் அவர். நாம் மேலே சொன்ன கேள்வியை உத்தியோக ரீதியாகக் கேட்ட முதல் சிலருள் அவரும் ஒருவர். 2018-இல் அவர் காலமானார். அவரும் அவரைப் போன்றவர்களும் செய்த முயற்சியால் 1992-இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் இந்தச் சதுப்புநிலத்தைப் பிற காரியங்களுக்கு மாற்றுவதைத் தடை செய்தது. 2002-இல் 12,500 ஹெக்டேர் பரப்புள்ள இந்நிலம் ராம்சர் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்ததாக ஏற்கப்பட்டது. 2006-இல் இதைக் காக்க மேற்கு வங்காளச் சட்டசபை தனிச் சட்டம் இயற்றியது.

இவ்வளவும் இருந்தும் நாள்தோறும் தீர்க்க வேண்டிய ஒரு வழக்கு அங்கே எஞ்சியிருக்கிறது. கழிவுநீர்க் கால்வாயில் பான்தலா என்ற இடத்தில் மதகு இருக்கிறது. மதகை இறக்கி நீர்மட்டத்தை உயர்த்தினால்தான் பக்கத்துக் குளங்களுக்கு நீர் தானாகப் பாயும், மீன் பிழைக்கும், மீனவர் பிழைப்பர். மதகைத் தூக்கி நீர்மட்டத்தைத் தாழ்த்தினால்தான் நகரத்தில் தேங்கிய நீர் விரைவில் வடியும். நகரத்துத் தெருவில் முழங்கால் நீரில் நிற்பவர் மதகைத் தூக்கு என்கிறார். குளக்கரையில் நிற்பவர் இறக்கு என்கிறார். இருவர் சொல்வதும் நியாயமே. உள்நகரக் கால்வாய்கள் மாநகராட்சியின் பொறுப்பு. வெளிக் கால்வாய்களும் மதகும் மாநிலப் பாசன இலாகாவின் பொறுப்பு. சதுப்புநிலத்தைக் காப்பது 2006 சட்டத்தின்படி அமைந்த ஆணையத்தின் பொறுப்பு. தண்ணீருக்கு இலாகா வேறுபாடு தெரியாது. கலந்து பேசி மட்டத்தைத் தீர்மானிக்கும் மேசையில் குளக்கரைக்காரருக்கும் ஓர் ஆசனம் வேண்டும் என்பதே நம் கருத்து. ஏனெனில் நகரத்தின் அழுக்கைச் சுமப்பவர் அவர். அதற்காக நகரம் அவருக்குச் சம்பளம் ஏதும் கொடுப்பதில்லை.

மற்றொன்றும் கவனிக்கத் தக்கது. வீட்டுக் கழிவைப் பாசியும் மீனும் செரித்துவிடும். தொழிற்சாலைக் கழிவை அவ்வாறு செரிக்க இயலாது. தோல் பதனிடும் சாலைகளிலிருந்து வரும் குரோமியம் எந்தப் பாசிக்கும் உணவன்று. கொல்கத்தாவின் உட்பகுதிகளில் இருந்த தோல் சாலைகளை நகருக்கு வெளியே பான்தலாவுக்கு மாற்ற வேண்டுமென்று 1996-இல் உச்சநீதிமன்றம் கட்டளையிட்டது. ஆலைக் கழிவைப் பொதுச் சாக்கடையில் கலக்க விடாமல் காவல் காப்பது நகராட்சியின் தலையாய கடமைகளில் ஒன்று. அதில் கண்டிப்புத் தளர்ந்தால் மீன்குளமும் கெடும்; நவீன சுத்திகரிப்பு நிலையமும் கெடும்.

இதுவரை தண்ணீரைப் பற்றிப் பேசினோம். இனி மனிதரைப் பற்றிப் பேச வேண்டும்.

அரசாங்க ஆவணங்களை மொழிபெயர்க்கும் தொழிலில் உள்ள நமக்கு ஒரு சொல் அடிக்கடி எதிர்ப்படும். தெருவின் நடுவே இரும்பு மூடியிட்டிருக்கும் குழியைத் தமிழில் ‘ஆள்நுழைவுக் குழி’ என்று எழுதுகிறோம். ஆங்கிலச் சொல்லிலும் ஆள் இருக்கிறான். தமிழ்ச் சொல்லிலும் ஆள் இருக்கிறான். ஆள் இறங்குவதற்காகவே அமைந்தது என்பதைச் சொல்லே ஒப்புக்கொள்கிறது. அண்மைக் காலத்தில் மத்திய அரசாங்கம் இச்சொல்லை மாற்றி, ‘இயந்திர நுழைவுக் குழி’ என்று பொருள்படும் சொல்லை வழங்கி வருகிறது. சொல்லை மாற்றுவது எளிது. ஏட்டில் அடித்துவிட்டு மேலே எழுதினால் போதும். வீதியில் அதை மாற்றுவதுதான் அரிது.

குழிக்குள் தேங்கி அழுகும் கழிவிலிருந்து மீத்தேனும் ஹைட்ரஜன் ஸல்பைடும் எழுகின்றன. ஹைட்ரஜன் ஸல்பைடு முதலில் அழுகிய முட்டையின் நாற்றம் வீசும். அளவு மிகுந்தால் மூக்கின் உணர்ச்சியையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் நின்றது, ஆபத்து நீங்கியது என்று எண்ணுகிறவன் அடுத்த சில மூச்சில் விழுகிறான். அவனைத் தூக்க இறங்குகிறவனும் விழுகிறான். ஒரே குழியில் இருவர், மூவர் என்று இறந்த செய்தியை நாம் படிப்பதன் காரணம் இதுதான்.

பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் எவரையும் சாக்கடையிலோ மலத்தொட்டியிலோ இறக்கி வேலை வாங்கக் கூடாது என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது. 1993 முதல் இவ்வாறு இறந்தவர்களின் குடும்பங்களுக்குப் பத்து லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டுமென்று 2014-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 அக்டோபரில் அத்தொகையை முப்பது லட்சமாக உயர்த்தியது. 2025 ஜனவரி 29-ஆம் தேதி, டில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் ஆகிய ஆறு மாநகரங்களில் ஆளை இறக்கிச் சாக்கடையைச் சுத்தம் செய்வதை நிறுத்த வேண்டுமென்று ஆணையிட்டது. அதற்கு நான்காம் நாள், பிப்ரவரி 2-ஆம் தேதி, கொல்கத்தாவின் கிழக்கு எல்லையில், நாம் மேலே குறிப்பிட்ட அதே பான்தலாவின் தோல் தொழில் வளாகத்தில், சாக்கடைக் குழியில் மூன்று தொழிலாளர்கள் மாண்டனர்.

இறங்குகிறவர்கள் யார் என்பதையும் சொல்லாமல் விட முடியாது. பெரும்பாலும் தலைமுறை தலைமுறையாக இந்தத் தொழிலிலேயே நிறுத்தப்பட்ட சாதியினர். பெரும்பாலும் நகராட்சியின் நேரடி ஊழியராக இராமல் குத்தகைக்காரரிடம் அன்றாடக் கூலிக்கு வந்தவர். கையொப்பமிட்ட ஒப்பந்தத்தில் எல்லாப் பாதுகாப்பு விதிகளும் எழுதியிருக்கும். குழிக்கருகில் அவற்றைப் படிப்பார் இல்லை. உறிஞ்சு லாரிகளும் நீர்ப்பாய்ச்சி அடைப்பு நீக்கும் இயந்திரங்களும், கேரளத்து இளைஞர்கள் செய்த இயந்திர மனிதனும்கூட இன்று கிடைக்கின்றன. ஆகவே கருவி இல்லை என்று சொல்ல இனி இடமில்லை. குறுகிய சந்துக்குள் நுழையக்கூடிய சிறு இயந்திரத்தை வாங்குவது, அதைப் பழைய தொழிலாளர் கையிலேயே கொடுத்துப் பயிற்சி அளிப்பது, குத்தகைக்காரர் செய்யும் குற்றத்துக்கு நகராட்சி அதிகாரியும் பதில் சொல்ல வேண்டுமென்று ஏற்பாடு செய்வது ஆகியவை நகராட்சி மன்றம் ஒரே கூட்டத்தில் தீர்மானிக்கக்கூடிய காரியங்கள்.

நாட்டு நிலையையும் ஒரு வரியில் பார்த்துவிடலாம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021-இல் வெளியிட்ட கணக்கின்படி, நமது நகரங்களில் நாள்தோறும் உண்டாகும் கழிவுநீர் 72,368 மில்லியன் லிட்டர். அதில் சுத்திகரிக்கப்பட்டது 20,235 மில்லியன் லிட்டர். அதாவது நூற்றுக்கு இருபத்தெட்டுப் பங்கு. எஞ்சியது ஆற்றிலும் ஏரியிலும் நிலத்திலும் கலந்தது. ஆற்றின் கீழே இருக்கும் ஊர்க்காரர்கள் அதைக் குடிநீராக எடுக்கிறார்கள்.

1992-இல் நிறைவேறிய அரசியல் சட்டத்தின் எழுபத்துநான்காவது திருத்தம் பொதுச் சுகாதாரத்தையும் துப்புரவையும் நகராட்சிகளுக்கு ஒப்படைக்கத் தக்க பொறுப்புகளாகக் குறித்தது. பொறுப்பைக் கொடுத்தால் மட்டும் போதாது. பணமும் ஆளும் வேண்டும். சாக்கடைக்குச் செலவிட்ட பணம் கண்ணுக்குத் தெரியாது. நீரூற்றுக்குச் செலவிட்டது தெரியும். தேர்தலில் நிற்கும் உறுப்பினர் எதை விரும்புவார் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. அவர் விருப்பத்தை மாற்ற வல்லவர்கள் வாக்காளர்களாகிய நாமே.

ஆகவே நேயர்கள் தத்தம் வார்டு உறுப்பினரிடம் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டுகிறோம். நம் தெருவின் கழிவுநீர் எந்த நிலையத்துக்குச் சென்று, கடைசியில் எந்த நீரில் கலக்கிறது? சென்ற ஆண்டு வரவு செலவில் கால்வாய்களைத் தூர் எடுக்க ஒதுக்கிய தொகையில் எவ்வளவு செலவாயிற்று? அடைப்பு நேர்ந்தால் வருவது இயந்திரமா, மனிதனா? நம் பங்குக்கு நாமும் ஒன்று செய்யலாம். பிளாஸ்டிக் பையையும் துணிக் கந்தலையும் சாக்கடையில் எறிவதை நிறுத்தலாம். நாம் எறியும் ஒவ்வொரு கந்தலையும் எடுக்க, யாரோ ஒருவருடைய கை குழிக்குள் நீள வேண்டியிருக்கிறது. அடைப்பு என்றவுடன் நாற்பது ரூபாய் குறைவாகக் கேட்கும் ஆளை அழைத்துக் குழிக்குள் இறக்குவதை நாம் நிறுத்தினாலே, நகராட்சியைக் கேள்வி கேட்கும் தகுதி நமக்கு வந்துவிடும்.